பிரெஞ்சுக்காரர் வீட்டு ஓட்டு

விழுப்புரத்தில் எலெக்‌ஷன் என்று வந்துவிட்டால் சவுரிராயனைக் கையில் பிடிக்க முடியாது. டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், ஆள் ஆறமாட்டார். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பெண் எடுத்த ஊரிலேயே குடியேறிவிட்ட மனிதர். அறுபத்திரண்டில் பாண்டிச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, யாருக்கெல்லாம் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். மகன் பாரிஸில் இருந்தான். அவனிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இவர் கையெழுத்துப் போட்டார். மனைவி இருதயமேரி உள்ளூர்க்காரி. இந்தியப் பிரஜையாகவே இருந்துவிட்டாள்.

அறுபத்தேழில் சிநேகிதன் பச்சைமுத்து சுயேச்சையாக சைக்கிள் சின்னத்தில் நின்றான். முதல் மூன்று கூட்டத்திலும் சவுரிராயன்தான் பேசினார். நாலாம் நாள் பச்சைமுத்து வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“அண்ணே, இனிமே மேடைக்கு வராதீங்க. பிரெஞ்சுக்காரன வச்சிக்கினு ஓட்டுக் கேக்கறான்னு எதிர்ல நிக்கற ராஜாமணி ஆளுங்க பேசிக்கினு இருக்காங்க.”

“வாசல்ல ஓடற சாக்கடை பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் மணக்குதாடா?”

“ஞாயந்தான். ஆனா தோத்தா எனக்குத்தானே பேஜாரு.”

அதன்பிறகு டீக்கடையிலும் பேச்சு நின்றுவிட்டது. அவர் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். வீட்டிலேயே முடங்கினார். தெருவில் போகும் ஒலிபெருக்கி தப்பாகச் சொன்னதையெல்லாம் தனியாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பிரஜையான தனக்கு ஓட்டில்லாவிட்டாலும் வீட்டில் ஒரு ஓட்டாவது இருக்கிறதே என்பதுதான் ஒரே ஆறுதல். சைக்கிள் படத்தை இருதயமேரியிடம் பத்துத் தடவை காட்டினார். அவளும் பத்துத் தடவை தலையாட்டினாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு அவள் திரும்பினாள்.

“சைக்கிள்லதானே குத்தின?”

“இல்லீங்க. ராஜாமணிக்குப் போட்டேன்.”

சவுரிராயன் எழுந்தே விட்டார்.

“சாக்கடைய மூடித் தர்றேன்னு பொம்பளைங்ககிட்ட ஒத்துக்கினாரு. நீங்க இன்னிக்கோ நாளைக்கோ மகன்கிட்ட போயிடுவீங்க. நான் இந்தத் தெருவுலதானே தனியா கெடக்கணும்?”

கோபத்தில் சொல்லவில்லை; அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கையெழுத்துப் போடுமுன் ‘நீயும் வர்றியா’ என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே இடமில்லை, வரவேண்டாம் என்று மகன் எழுதி இரண்டு வருஷமாகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு அதையும் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போகப்போகிறவன் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாளும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

“நான் எங்கியும் போகலடி,” என்றார்.

“எலெக்‌ஷன் நேரத்துல எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க,” என்றாள் அவள். சிரிக்கவில்லை. சாப்பிட இலை போட்டாள்.