நடுப்பகல் முனகல்

யானைகள் பேசுவதில் பாதி நம் காதுக்கு எட்டாது. அவ்வளவு தாழ்ந்த ஒலி அது. புளியங்குளத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை அருந்ததி, தன் முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு அந்த ஒலியைத்தான் எடுத்துக்கொண்டாள். காட்டோர மரங்களில் ஒலிவாங்கிகளைக் கட்டிவைக்க வேண்டும். யானையின் குரலைக் கணினி இனங்கண்டு, அது வயலில் இறங்குமுன் கமக்காரரின் கைபேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அவள் கணவன் சிவகரனும் கமக்காரன்தான். மரமேறி ஒலிவாங்கிகளைக் கட்டியவன் அவனே.

பதிவை வேகமாக ஓடவிட்டால் முனகல் காதில் விழும். முதன்முதல் கேட்டபோது சிவகரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தண்ணிக்கடியில இருந்து ஆரோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு."

அதற்குப் பிறகு, வகுப்பில் நிற்கும்போதும் குசினியில் தேங்காய் துருவும்போதும், கேட்கிற சத்தங்களுக்குக் கீழே கேட்காத ஒன்று மெல்ல அசைந்து போவதாக அருந்ததிக்குத் தோன்றும்.

ஆய்வு முடியும் தறுவாயில் சிக்கல் வந்தது. குளத்துக்கு அப்பால் கட்டிய ஒலிவாங்கி நடுப்பகல்களில் 'யானை' என்றது. அந்தப் பக்கம் பகலில் யானையைக் கண்டவர் எவருமில்லை. பதிவிலோ உழவு இயந்திர இரைச்சலும் காற்றும் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் பிழையென்று குறித்தாள். ஆய்வின் துல்லியம் சரிந்து போயிற்று.

மேற்பார்வையாளர் கமலாசனி தொலைபேசியில் சொன்னார்: "அந்த ஒரு ஒலிவாங்கியை விட்டிட்டு எழுதினா வடிவாத்தான் இருக்கும். ஏன் விட்டனீர் எண்டு கேட்டா என்ன சொல்லுவீர்?"

"தெரியேல்லை, மிஸ்."

"அப்ப போய்ப் பாத்திட்டு எழுதும்."

சனிக்கிழமை இருவரும் மோட்டார் சைக்கிளில் போய்க் குளக்கட்டில் இறங்கினார்கள். வெயில் தண்ணீரின்மேல் ஆவியாக நடுங்கியது. தாமரை இலைகள் அசையவில்லை. அக்கரையில் மரநிழல் மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்க, நிழலின் ஒரு துண்டு காதை விசிறியது.

நான்கைந்து யானைகள் நின்றபடி உறங்கின. நடுவே ஒரு குட்டி பக்கவாட்டில் சரிந்து படுத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும், எங்கோ தூரத்துக் கோயிலில் மேளம் தொடங்கியதுபோல் அருந்ததியின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கும் நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதே?"

"ஓம். கதையாதையும்."

எவ்வளவு நேரம் நின்றார்களென்று இருவருக்கும் தெரியாது. குட்டி எழுந்து தாயின் காலடியில் பால் தேடியது. பிறகு எல்லாம் மறுபடி நிழலாகிவிட்டன.

வீட்டுக்கு வந்து அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தாள். பிழையென்று தள்ளியவற்றில் இருந்த அதே அலைதான் அதிலும் இருந்தது. சந்தோசத்தில் சிவகரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். உடனேயே பயமும் வந்தது.

"இனி நடுப்பகலிலும் எல்லாருக்கும் செய்தி போகும். கலைக்க வெடி கொண்டு போவினம்."

சிவகரன் யோசித்தான். போன போகத்தில் அவன் வயலில் பாதியை யானைகள்தான் மிதித்திருந்தன.

"வயலுக்கு வந்தாச் சொல்லத்தான் வேணும். அதுகள் படுக்கிற இடத்தை ஏன் சொல்லவேணும்?"

குளத்துக்கு அப்பாலிருந்து பகலில் செய்தி போகாதபடி நிரலை மாற்றினாள். கண்டதையெல்லாம் ஆய்வேட்டில் எழுதினாள். இடத்தை மட்டும் எழுதவில்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்த வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் அதைத்தான் கேட்டார். "இது எந்த இடம்?"

"வேணுமெண்டுதான் எழுதேல்லை, சேர். அங்க ஒரு குட்டி நித்திரை கொள்ளுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அந்தக் காரணத்தையும் ஒரு பந்தியா எழுதிச் சேருங்கோ," என்று சொல்லி, அவள் சித்தியடைந்ததாக ஒப்பமிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், யன்னலோரம் தலைசாய்த்ததும் உறங்கிப்போனாள். வெளியே கிளிநொச்சியும் மாங்குளமும் மழைக்கலங்கலில் மிதந்து போயின. நடத்துநர் "புளியங்குளம்!" என்று கூவியபோது விடிகிறதா பொழுதுபடுகிறதா என்று தெரியவில்லை. சந்தியில் சிவகரன் குடையோடு நின்றான்.

"முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது," என்று அவள் குடைக்குள் நுழைந்தாள்.