பார்ட் வரலை

என் மகன் கிரீஷ் என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்வீட்டு மாமி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்து, அன்றைக்கே தீர்த்திருப்பேன். இவன் சிரித்த முகத்தோடு "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்லியே என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் என் வீடு. இரண்டாவது மாடி. கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்த ஓர் இடம், அதுவும் என் பெயரில்தான். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய சிவப்புக் கார் அங்கே நின்றது. என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்பார். அவர் போன பிறகும், வேலை முடிந்த பிறகும், விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் போகவும், போன இடத்தில் இஷ்டப்பட்ட நேரம் இருக்கவும் எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் கார்.

போன வருஷம் ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. கிரீஷ் இருப்பது வேளச்சேரியில். அங்கே பெருமழை என்றால் ஜனங்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போவார்கள். அப்போதுதான் அவன் பெரிய வெள்ளைக் கார் ஒன்று வாங்கியிருந்தான். அவர்கள் குடியிருப்பில் அவனுக்கு ஒரே இடம், அதில் மனைவி மஹதியின் கார். மஹதியின் கார் பாலத்துக்குப் போயிற்று, வெள்ளைக் கார் என் இடத்துக்கு வந்தது.

"ரெண்டே நாள்மா. தண்ணி வடிஞ்சதும் எடுத்துண்டு போயிடறேன்" என்றான். நானும் சந்தோஷமாக என் காரை வெளியே எடுத்துத் தெருவில் விட்டேன். பிள்ளையின் புதுக் கார் நனையலாமா?

தண்ணீர் வடிந்தது. கார் போகவில்லை. பொங்கல் வரைக்கும் என்றான். பிறகு, ஆபீசுக்கு ரயிலில்தானே போகிறேன், சனி ஞாயிறு மட்டும்தானே வண்டி வேண்டும் என்றான். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் கையால் காபி குடித்துவிட்டு, திருமயிலை ஸ்டேஷனில் ரயிலேறிவிடுவான். அம்மாவைப் பார்க்க வாராவாரம் வருகிற பிள்ளை என்று எதிர்வீட்டு மாமிக்குப் பூரிப்பு.

என் கார் வெயிலில் காய்ந்தது. பங்குனியில் டாஷ்போர்டில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. அக்னி நட்சத்திரத்துக்குள் அது இந்தக் கோடியிலிருந்து ஸ்டீயரிங் வரை வாய் பிளந்துவிட்டது. விளிம்பு சுருண்டு மேலே தூக்கிக்கொண்டது. துடைக்கப் போனால் விரலைக் கிழித்தது. மீட்டர் ஆட்டம் கண்டு, பள்ளத்தில் இறங்கினால் உள்ளே போயிற்று, மேட்டில் ஏறினால் வெளியே வந்தது. மேலே ஒரு குளியல் துண்டை விரித்துக்கொண்டு ஓட்டினேன்.

கிரீஷ் ஒருநாள் துண்டைத் தூக்கிப் பார்த்தான். உன் வண்டி நிழலில் நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவன் வாயிலிருந்து வரவில்லை. "நான் மாத்தித் தரேம்மா. எங்க ஆபீஸ் வண்டியெல்லாம் பார்க்கற பீர் பாய் இருக்கார், வந்து எடுத்துண்டு போவார்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மஹதியைக் கூப்பிட்டு என் பிள்ளையின் பெருமையை என் பிள்ளையின் மனைவியிடமே பேசினேன். நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பீர் முஹம்மது வந்து வைகாசியில் காரை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பாட்டு.

"பார்ட் வரலைம்மா. பழைய மாடலு, இப்பல்லாம் கம்பெனில செய்யறதே இல்ல. தேடிக்கினுதான் கீறேன்."

கிரீஷைக் கேட்டால், "பார்ட் வரலையாம்மா. நான் என்ன பண்ண?" என்பான். பிறகு மெதுவாக, "கண் ஆபரேஷன் வேற ஆயிருக்கு. இனிமே எதுக்கும்மா உனக்கு டிரைவிங்?" என்பான். ஆபரேஷன் செய்த டாக்டரே என்னைக் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டு, லைசென்ஸ் புதுப்பிக்கக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர். அதைச் சொன்னால் சிரிப்பான். சிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

போனில் ஆட்டோ கூப்பிட்டுக் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். விடியற்காலையில் தனியாகப் போகிற கிழவியை ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவான். "ஏம்மா, பசங்க யாரும் இல்லியா?" என்பான். பற்றிக்கொண்டு வரும். கொஞ்ச நாளில் போவதையே விட்டுவிட்டேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, நவராத்திரிக் கொலுவையும் எடுத்து வைத்தாயிற்று. பார்ட் வரவில்லை.

நேற்று சனிக்கிழமை. கிரீஷ் வழக்கம்போல வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போனான். நான் புடவையை மாற்றிக்கொண்டு நேரே புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கிற தெருக்கள். என் காரின் பெயரையும் வருஷத்தையும் சொன்னேன். அரை மணியில் டாஷ்போர்ட் கிடைத்தது! இத்தனை மாதமாக இரண்டு ஆம்பிள்ளைகள் தேடிக் கிடைக்காத பொருள். சந்தோஷத்தில் எனக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. துப்புக் கெட்டவர்கள் என்றுதான் திட்டிக்கொண்டேன். ஆட்டோவில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடியில் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராயப்பேட்டையில் பீர் முஹம்மதுவின் ஷெட்டில் போய் இறங்கினேன்.

"இன்னாம்மா, நீங்களே வந்துட்டீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று எழுந்தார்.

"பார்ட் வந்துடுத்து பாய். பொருத்துங்கோ."

அவர் டாஷ்போர்டைப் பார்க்கவில்லை. ஷெட்டின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். "இது செட் ஆவாதும்மா. வேற மாடலு."

"வெச்சுப் பார்க்காமலே தெரிஞ்சுடுத்தா? வண்டி எங்கே?"

"உள்ள கீதும்மா. முன்னாடி வேற வண்டிங்க நிக்குது, நீங்க போவ முடியாது."

போனேன். சுவரை ஒட்டி, கவர் போட்டு ஒரு கார் நின்றது. அடியில் தெரிந்த பம்பரின் நெளிசல் எனக்குத் தெரியும், லஸ் கார்னரில் ஒரு வேன்காரன் கொடுத்தது. கவரை இழுத்துக் கீழே போட்டேன். கதவைத் திறந்தேன்.

உள்ளே டாஷ்போர்ட் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"எப்போ போட்டேள்?"

அவர் கைத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றார். "வண்டி வந்த பத்து நாள்லயேம்மா. கிரீஷ் சார்தான் சொன்னாரு. அம்மாவுக்குக் கண்ணு சுத்தமா தெரில, வண்டியக் குடுத்தா யாரயாச்சும் மோதிடுவாங்க, கேட்டா பார்ட் வரலைனு சொல்லுன்னாரு. அவுரு ஆபீஸ் வண்டி பூரா நம்மகிட்டதான் வருது, நான் இன்னா பண்றது? மழ முடிஞ்சதும் இத்த வாங்கறதுக்கு ஆள இட்டுனு வரேன்னாரும்மா."

விற்கப்போகிறான். என் காரை. அந்த இடத்தில் அவன் கார் ஆயுசுக்கும் நிற்கும். அதற்கு என் கண்ணைக் குருடாக்கி, ராயப்பேட்டை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறான். எதிர்ச்சுவரில் ஒரு தினக் காலண்டர் தொங்கியது. தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் தொழுகை நேரங்கள் போட்டிருந்தார்கள். நின்ற இடத்திலிருந்தே ஃபஜ்ரிலிருந்து இஷா வரைக்கும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். பீர் முஹம்மது தலையைக் குனிந்துகொண்டு சாவியை எடுத்து நீட்டினார்.

"பேட்டரி நல்லா கீதும்மா. வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்றார்.

"ரொம்ப உபகாரம்" என்றேன். "நான் கொண்டுவந்ததை வெச்சுக்கோங்கோ. அடுத்தாப்ல எவளாவது வந்து கேட்டா, பொய் சொல்லாம இதைப் போட்டுக் குடுங்கோ."

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் வரும்போது அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். முகத்தைத் துடைத்துத் துடைத்து, இடிக்காமல், மோதாமல் வீடு வந்து சேர்ந்தேன். என் இடம் காலியாக இருந்தது. உள்ளே கொண்டுபோய் விட்டேன்.

வாட்ச்மேன் கபாலி ஓடிவந்தான். "டீச்சரம்மா, வண்டி வந்துருச்சா! சார் வந்தா இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. ஹாரன் அடிக்கட்டும்."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டிவியில் ரெட் அலர்ட் என்றார்கள். ஞாயிறு வரவேண்டியவன் மழைக்குப் பயந்து அன்றைக்கே திரும்பிவிட்டான்; விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் ஹாரன் கேட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிரீஷ் வெள்ளைக் காரின் கண்ணாடியை இறக்கி, உள்ளே நின்ற சிவப்புக் காரைப் பார்த்தான்.

"அட! வண்டி வந்துடுத்தாம்மா? பார்ட் கிடைச்சுடுத்தா?"

எப்படிக் கேட்டான் என்கிறீர்கள்! முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வைகாசியிலேயே கிடைச்சுடுத்தாமே" என்றேன்.

அவன் வைப்பரை நிறுத்தினான். பிறகு எதிர்பார்த்தது வந்தது. "உன் நல்லதுக்குத்தாம்மா. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"பொய் சொல்லாதே! இடம் கேட்டே, குடுத்தேன். ஓட்டாதேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அவ்வளவுதானேடா? உங்கப்பாவோட நான் போடாத சண்டையா? சண்டை போடக்கூட லாயக்கில்லாதவளா ஆக்கிட்டியே என்னை. கண்ணு தெரியாத கிழவி, எதையாவது சொல்லி உட்கார வெச்சுடலாம்னு நினைச்சுட்டியே!"

அவன் கபாலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கத்தாதேம்மா, எல்லாரும் பார்க்கறா. தெருவில தண்ணி ஏறிண்டிருக்கு. அப்புறம் பேசிக்கலாம். இன்னிக்கு ஒரு ராத்திரி உன் வண்டியை வெளியில விடேன். அது எப்படியும் பழசுதானே?"

"வேளச்சேரிப் பாலத்துக்குப் போ. சீக்கிரம் போனா இடம் கிடைக்கும்."

"அம்மா, விளையாடாதே. நான் எப்போதாம்மா உள்ளே விடறது?"

கேட்டின் ஒரு பக்கத்தைக் கபாலி பிடித்துக்கொண்டு நின்றான். மறு பக்கத்தை நானே இழுத்துச் சாத்தினேன்.

"பார்ட் வரலை" என்றேன்.