தாது பிறப்பதற்கு முன்பு

என் கணவர் செல்லமுத்து மாட்டை அடித்து நான் முதன்முதலாகப் பார்த்தது யுவ வருஷம் மாசி மாதத்தில். கிணற்றில் தோல் வாளியான சாலை விட்டு, மாடு கட்டி நீர் இறைக்கிற கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். சால் தண்ணீரோடு மேலே வர மாடுகள் சரிவில் இறங்க வேண்டும். சால் மறுபடி கிணற்றுக்குள் போக அவை பின்னாலேயே ஏற வேண்டும். செவலைக் காளை ஏறாமல் நின்றுவிட்டது. தீவனம் இல்லாமல் விலா எலும்பு தெரிந்த மாடு, அதற்குச் சக்தி இல்லை. அவர் சாட்டையைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அதன் முகத்திலேயே அடித்தார். பிறகு தன் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே. இரண்டு வருஷமாக மழை இல்லை. மேட்டூரில் அணை கட்டி முடித்துக் கடல் மாதிரித் தண்ணீர் நிற்கிறதென்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக்கு அதில் ஒரு சொட்டும் கிடையாது. மாசியிலேயே சித்திரை வெயில் அடித்தது. காற்று நின்றுபோனதால் யாருக்கும் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள் விளையாடுவதை விட்டுவிட்டுச் சுவர் நிழலில் சுருண்டு கிடந்தன. படிக்கிணற்றில் குடம் வைக்கிற இடத்துக்காகச் சம்பந்திகள் இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பயம் இருந்தது. யுவவுக்கு அடுத்துப் பிறப்பது தாது வருஷம். அறுபது வருஷத்துக்கு முன் வந்த தாதுவில்தான் அந்தப் பெரிய பஞ்சம். ஊரில் பாதி வீடுகள் அப்போது குட்டிச்சுவராயின. அதே பெயர் திரும்பி வருகிறது. என் அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்ததால் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் பெண்கள் என்னைப் படிக்கச் சொன்னார்கள். மழை சொற்பம் என்று போட்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த என் ஓரகத்தி குப்பாயி எழுந்து போய், தானியம் வைத்த தவசப் பானைகள் இருந்த அறையைப் பூட்டினாள்.

குப்பாயி என் கணவரின் அண்ணன் சுப்பையனின் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவர்களுக்கு, ஒரு நாள் எங்களுக்கு என்பது மாமனார் வைத்த முறை. தன் நாளில் இறைக்காதவரின் தண்ணீர் மறுநாள்காரருக்குப் போய்விடும். திருப்பிக் கேட்கக் கூடாது. கிணறு நிறைந்து கிடந்த காலத்தில் இந்தச் சட்டத்தை யாரும் நினைத்தது இல்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் இவர் ஓட்டுவார். நாங்கள் நோன்புக்கு வெளியூர் போனால் அவர் எங்கள் காட்டுப் பயிருக்கும் பாய்ச்சி வைப்பார். இப்போது இரவெல்லாம் ஊறினாலும் விடியற்காலையில் இறைக்கக் கொஞ்சம்தான் தேறும். அதை நம்பி ஒரு துண்டு நிலத்தில் ராகி போட்டிருந்தோம். கதிர் பால் பிடிக்கிற சமயம். வீட்டில் வேறு தவசம் இல்லை.

பங்குனி பிறந்ததும் என் கணவரின் கணுக்காலில் கொப்புளம் எழும்பியது. நெருப்புக் கங்கை எடுத்து வைத்தது போல எரிகிறது என்றார். நரம்புச் சிலந்தி என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் போலப் புழுவின் நுனி வெளியே வந்தது. நாவிதர் தீர்த்தகிரி அந்த நுனியை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றிக் காலோடு சேர்த்துக் கட்டினார். தினம் அது விடுகிற அளவுக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இழுக்கக் கூடாது, நடக்கவும் கூடாது. முழுதாக வந்தால் கால் தேறும். உள்ளே அறுந்துபோனால் சீழ் வைத்து ஆளையே கொண்டுபோய்விடும். இது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

எரிச்சல் அடங்க, படிக்கிணற்றுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார் தீர்த்தகிரி. அதுவும் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். ஊருக்குக் குடிதண்ணீர் மிச்சம் இருந்தது அந்த ஒரு படிக்கிணற்றில். சாயங்காலம் போனால் இவரைப் போல நாலைந்து பேர் கடைசிப் படியில் காலை நனைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இறங்கித்தான் நாங்கள் குடம் முக்குவோம். சில வருஷம் கழித்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நனைகிற காலிலிருந்து புழு தண்ணீரில் குஞ்சு விடுகிறது, குடித்தவர்கள் உடம்பில் வளர்ந்து மறுவருஷம் வெளியே வருகிறது என்றார். ஊரார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கு முந்திய வருஷம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

நான் கவலை ஓட்டிப் பார்த்தேன். மாடுகள் என் குரலுக்குப் பின்னேறவில்லை. அன்றைய தண்ணீர் அப்படியே கிணற்றில் நின்றது. மறுநாள் அது அண்ணன் காட்டில் பாய்ந்தது. ராகித் தாள் சுருள ஆரம்பித்தது.

அன்று அவர் தடியை ஊன்றிக்கொண்டு அண்ணன் வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணா, இந்தக் கருமம் வெளிய வர்ற வரைக்கும் எம்பட மொறையையும் நீங்களே எடுத்துக்குங்க. கால் ஆனதுக்கப்பறம் அத்தன நாளும் நான் எடுத்துக்கறனுங்க. இல்லாட்டி எங்க காட்டுக்கு நீங்க ஓட்டி உடுங்க."

சுப்பையன் வானத்தைப் பார்த்தார். "கால் ஆவறப்போ கெணத்துல தண்ணி இருக்கும்னு எவங் கண்டான்? எம்பட மாடும் நிக்க மாட்டாம நிக்குது. மொறை மொறைதான். அப்பன் வெச்சது."

உள்ளேயிருந்து குப்பாயி சொன்னாள். "காலத் தண்ணியில உட்டுக்கிட்டு ராசா மாதிரி உக்காந்திருந்தா, கெணறு எந்திரிச்சு வந்து காட்டுக்குப் பாயுமா?"

வேறு காலமாக இருந்தால் என் கணவர் இதற்கு ஒரு எதிர்ப்பேச்சுப் பேசி அவளையே சிரிக்க வைத்திருப்பார். இப்போது தடியால் அவர்கள் வாசலில் இருந்த மொடாவை ஓங்கி அடித்தார். அது உடைந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுதும் மண்ணுக்குள் போயிற்று. குப்பாயி ஓடி வந்து, ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, வாசலில் கட்டியிருந்த தங்கள் மாட்டின் நெற்றியில் குளிர்ச்சிக்காக அப்பினாள்.

எங்கள் முறை வந்த அடுத்த விடியற்காலையில் நான் எழுந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து ஈர்க்குச்சியைக் கையில் பிடித்திருந்தார். எட்டிப் பிடிக்க எனக்கு நேரம் இல்லை. ஒரே இழுப்பு. ஒரு சாண் நீளம் வந்து அறுந்தது. அறுந்த இடத்தில் பால் போல ஏதோ கசிந்தது.

"மிச்சம் உள்ளயே கெடக்கட்டும், அம்மிணி. ராகி காயுது" என்றார்.

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு போய்க் கவலை ஓட்டினார். சால் மேலே வர வர வடத்தின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கியதையும், நொண்டி நொண்டி மாடுகளைப் பின்னேற்றியதையும் மடை திருப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கிணறு சேறு காணும்வரை இறைத்தார். காட்டில் பாதி நனைந்தது.

மறுநாள் முழங்கால்வரை வீங்கியது. அதற்கு அடுத்த நாள் தொடை கறுத்துக் காய்ச்சல் ஏறியது. எங்கள் மாடுகளால் வண்டி இழுக்க முடியாது. நான் கேட்கப் போகவில்லை. சுப்பையனே தன் மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்து, தம்பியைத் தூக்கி வைக்கோலில் படுக்க வைத்தார். ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் இவர் ஜன்னியில் மாடு ஓட்டிக்கொண்டே வந்தார். நாக்கைச் சொடுக்கினார், செவலையைக் கூப்பிட்டார். ஒரு தரம் தெளிந்து, "அண்ணா, நாளானிக்கு எம்பட மொறைங்க" என்றார். சுப்பையன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கியது. ராசிபுரம் தெரிவதற்கு முன்பே இவர் மூச்சு நின்றுவிட்டது. அங்கேயே வண்டியைத் திருப்பினோம்.

மறுநாள் எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் விடியும்போது கிணற்றுப் பக்கம் கவலைச் சத்தம் கேட்டது. எங்கள் முறை. கருமாதி முடியாத வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாது. தூங்குகிற மகள் வசந்தாமணிக்குப் போர்வையை இழுத்துவிட்டு நான் தாண்டிப் போனேன்.

சுப்பையன் ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கள் வாய்க்காலில் வந்தது. என்னைக் கண்டதும் வடத்திலிருந்து இறங்கி நின்றார்.

"நான் அன்னிக்கே ஓட்டியிருக்கலாம், அம்மிணி. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. தாது தாதுன்னு நெனச்சு நெனச்சு..."

அவர் மேல் மண்ணை வாரி இறைக்க வேண்டும் போல இருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாய்க்கால் முனை உடைந்து தண்ணீர் வெறும் தரிசில் பாயத் தொடங்கியிருந்தது. நான் மண்வெட்டியை எடுத்து உடைப்பை அடைத்து, காயாமல் மிஞ்சியிருந்த பாத்திக்கு அதைத் திருப்பினேன்.