வெள்ளை பூத்த ஈயம்

வில்லா புருயிட் தன் அக்காள் புருஷனை ஒரு வருஷமாக மனசுக்குள் கொன்றுகொண்டிருந்தாள். காரணம் நாய். அவளுடைய ஸ்கவுட் தன் கன்றுகளை விரட்டியதாகச் சொல்லி டெல்பர்ட் அதைச் சுட்டுப் போட்டான். அது எதையும் விரட்டவில்லை. வேலியோரம் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "மொண்டானா சட்டம் என் பக்கம்" என்று சிரித்தான் பாவி. சட்டம் கிடக்கட்டும், அந்தச் சிரிப்பைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

மான் வேட்டை தொடங்குமுன் துப்பாக்கிச் சங்கத்தில் அவரவர் தோட்டாவை அவரவரே நிரப்புவார்கள். காலிக் கூட்டில் வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டைச் செருகுகிற வேலை. அன்று டெல்பர்ட் ஏலத்தில் எடுத்த ஒரு காபி டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தான். எல்லாம் பழைய குண்டுகள். மாவில் புரட்டியதுபோல வெள்ளை பூத்திருந்தன.

"என்ன கொழுந்தியாளே, இதை என்ன பண்ணணும்? நீதான் இதுல பெரிய கெட்டிக்காரியாச்சே!"

வில்லாவுக்குத் தெரியும். அது ஈயத்தின் துரு, விஷம். டெல்பர்ட்டையும் தெரியும். அவள் குடை எடுத்துப் போ என்றால் அவன் நனைந்துகொண்டே போவான். அதனால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உண்மையையே அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்படி சொன்னால் போதும்.

"கையுறை போட்டுக்கோ, டெல்பர்ட். ஈரத்துணியால வெளிய வச்சுத் துடை. காஞ்சபடியே தேய்ச்சா தூசி மூச்சுல போயிரும். பொகையில எடுக்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. பயமா இருந்தா விட்டுரு, பூஞ்சை உடம்புக்காரங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்றாள், சிரித்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் முகம் சிவந்தது. குண்டுகளை அளைந்த அதே விரலால் ஒரு சிட்டிகை புகையிலையை எடுத்து, அவளை முறைத்தபடியே உதட்டுக்குள் அதக்கிக்கொண்டான். வில்லாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஏன் சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் அவளைக் கேட்க முடியாது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

அடுத்த வாரம் அக்காள் ஜாய்லீன் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் குண்டுகளைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்காள். மேசை விரிப்பு முழுக்க வெள்ளைத் தூசி. பக்கத்திலேயே பாதி தின்ற ஆப்பிள் கேக்.

"வா வா, உக்காரு. இந்த வாரம் பூரா இதே வேலைதான்."

"நீ எதுக்குக்கா இதைச் செய்யற? டெல்பர்ட் எங்க?"

"அவருக்கு ஆகாதாம். நீ சங்கத்துல என்னமோ சொன்னியாமே? வீட்டுக்கு வந்ததும் வாயைக் கொப்பளிச்சாரு கொப்பளிச்சாரு, அப்படிக் கொப்பளிச்சாரு. அப்புறம் 'நீயே தேய்ச்சுக் குடு'ன்னுட்டாரு."

"உனக்கு மட்டும் ஆகுமா? நீ கேக்கலையா?"

"கேட்டேனே. 'நெஜமாவே ஆபத்துன்னா உன் தங்கச்சி அப்படிச் சிரிச்சுக்கிட்டா சொல்லுவா?'ன்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

 வில்லா பிரஷ்ஷைப் பிடுங்கினாள், அக்காளைத் தொட்டிக்கு இழுத்துப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். "வண்டியில ஏறு, டாக்டர்கிட்ட ரத்தம் குடுத்துப் பாக்கணும்" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவனை வெறுத்தது போதாதென்று தன்னையும் வெறுத்தாள்.

வண்டி கிளம்பும்போது டெல்பர்ட் கொட்டகையிலிருந்து வந்தான். ஆள் கல்லுக்குண்டாட்டம் இருந்தான்.

"எங்கடி போற? என் குண்டெல்லாம் முடிஞ்சுதா?"

ஜாய்லீன் கண்ணாடியை இறக்கி, இருமலை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம்தாங்க பாக்கி. வந்து முடிச்சுக் குடுத்துடறேன்."