ஒற்றை அடுப்பு

"ரெண்டு பேருக்கும் ஒரு பானையா? அதென்னட்டி புதுப் பழக்கம்?"

முத்தாரம்மாள் கேட்டது தங்கை பொன்செல்வியிடம். பார்த்தது கூட வந்த செண்பகவல்லியை. ஆற்றுக்கால் அம்மனுக்குத் தெருவெல்லாம் பெண்கள் பொங்கலிடும் நாளுக்கு முதல் நாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பட்டணத்து அக்காள் வீட்டுக்கு வந்த இருவரும் இன்னும் கால்கூடக் கழுவவில்லை.

"ஒண்ணு போதும்க்கா" என்றாள் பொன்செல்வி.

"போதாது. ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு. நீ வேற, அவ வேற, கேட்டியா?"

அழைப்பு பொன்செல்விக்கு மட்டும்தான் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஓர் அறையில் நாலு வருஷமாக இருவரும் சேர்ந்து இருந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று ஊர் நினைத்தது. புருஷன் பெண்டாட்டி போல வாழ்கிறவர்கள் என்று சொல்ல அவர்களுக்குத் தைரியம் இல்லை. யாருக்கும் நம்மைத் தெரியாத பட்டணத்தில் ரெண்டு நாள் கைகோத்து நடக்கலாம், சங்குமுகத்தில் கடல் பார்க்கலாம் என்றுதான் செண்பகவல்லி ஆசையோடு புறப்பட்டாள். அந்த ஆசை வாசற்படியிலேயே செத்தது.

அன்று ராத்திரி தங்கைக்கு அக்காள் பக்கத்தில் பாய், செண்பகவல்லிக்கு அடுக்களையில். கண்ணை மூடினாலும் கணக்கு ஓடியது. தங்கைக்குப் புதுச் சேலை, சரி, பொங்கலுக்கு எடுத்தது. முத்தாரம்மாள் அளவு கேட்டு எழுதி ஜாக்கெட்டும் தைத்து வைத்திருக்கிறாளே, அது எதற்கு? தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுப் பார்த்தாளே, அது எதற்கு? சும்மா ஆடுமா சோழியன் குடுமி?

விடிந்ததும் தெருவோரத்துக்குப் போனார்கள். செங்கல் வைத்து இடம் பிடித்திருந்தாள் முத்தாரம்மாள். தனக்கொன்று, பக்கத்தில் தங்கைக்கொன்று. "நீ இந்தச் சாக்கடை ஓடைக்கு அந்தப் பக்கம் அடுப்பு கூட்டிக்கோ, செம்பகம். இங்க எடமில்ல" என்று கடையில் வாங்கிய இன்னொரு பானையை நீட்டினாள்.

இடமில்லாத இடத்தில் ஒரு அம்மாள் தாராளமாக உட்கார்ந்திருந்தாள். கரமனையிலிருந்து வந்த சரசம்மாவாம். "யாருன்னே தெரியாது, தற்செயலா பக்கத்துல வந்துட்டாங்க" என்றாள் முத்தாரம்மாள், கேட்காமலேயே.

"விதுரா ஸ்கூலில எட்டாம் கிளாஸ் வரை படிச்சதல்லே, மோளே? நட்சத்திரம் ரோகிணிதானே?" என்று பொன்செல்வியை மலையாளம் கலந்து விசாரித்தாள் அந்தத் தெரியாத அம்மாள். "அரிசி களையுற கை நல்ல கை. எங்க பையனுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காது, பாத்துக்கோ."

ஓடைக்கு அப்பால் செண்பகவல்லிக்குக் கணக்கு புரிந்தது, இது பெண் பார்ப்பு. நாளைக்கே பூ வைத்துவிடுவார்கள். தான் மட்டும் தனியாகப் பஸ் ஏற வேண்டும். லயத்து அறையில் தனியாகக் கதவைத் திறக்க வேண்டும். பொன்செல்வியைப் பார்த்தாள். அவள் தலையே நிமிரவில்லை. இவளுக்கும் முன்பே தெரியுமோ? சேலையும் சங்கிலியும் பிடித்துப்போயிற்றோ? நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளையே சந்தேகப்பட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

பத்தரை மணிக்குக் கோயிலில் தீ மூட்டினார்கள். தென்னோலைப் பந்தத்தில் பற்றிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்தது. முத்தாரம்மாள் பற்றவைத்தாள். சரசம்மா பற்றவைத்தாள். எரியும் ஓலையைப் பொன்செல்வியிடம் நீட்டினாள்.

பொன்செல்வி ஓலையை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மறு கையில் தன் அரிசிப் பையை எடுத்தாள். ஓடையைத் தாண்டினாள். செண்பகவல்லியின் அடுப்பைப் பற்றவைத்து, அந்தப் பானையிலேயே தன் அரிசியையும் கொட்டினாள்.

"அவிட எந்தா மோளே? அங்க என்ன சோலி?" என்றாள் சரசம்மா.

"இதுதான் எங்க அடுப்பு, அம்மா. உங்க பையனுக்கு வேற பொண்ணு பாருங்க. எனக்கு ஆளு உண்டு." பொன்செல்வி செண்பகவல்லி பக்கம் கையைக் காட்டினாள். "இவதான்."

சரசம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். மூட்டிய அடுப்பை விட்டுப் போகக்கூடாது. பிற்பகலில் பூசாரி தீர்த்தம் தெளிக்கும்வரை எவளும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. இன்னும் நாலைந்து மணி நேரம் அந்தப் புகையில் நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும்.

முத்தாரம்மாளால் பொறுக்க முடியவில்லை. "லயத்துக்காரி ஒருத்தி உங்க ரெண்டு பேரப் பத்தி எழுதினப்பவே நான் நம்பல்லியே! என் மானத்த வாங்கிட்டியேட்டி! ஆம்பள இல்லாம அடுப்பு எரியுமா? அது ஒரு குடும்பமா?"

சத்தம் கேட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது. கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், புருஷன் செத்தவள், புருஷன் விட்டுப்போனவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தீ ஊதிக்கொண்டிருந்த எல்லாரும். ஆற்றுக்காலிலிருந்து தம்பானூர் வரை, தெருத் தெருவாக லட்சக்கணக்கில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஓர் அடுப்பின் பக்கத்திலும் ஆண்பிள்ளை இல்லை.

செண்பகவல்லி சற்று நகர்ந்து பொன்செல்விக்கு இடம் விட்டாள்.