வெட்டுப்பட்ட ஓரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் என் வீட்டு டிவியில் படத்தின் ஓரங்கள் தெரியவில்லை என்று மெக்கானிக் பகலவனை வரச்சொன்னேன். அவன் ரிமோட்டை அழுத்திக்கொண்டே சொன்ன கதை இது. அவனுக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. நான் நாலு மாதமாக எழுதுகிறேன். அலுத்துவிட்டது.

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில்..." (அடித்துவிட்டேன். மேகத்துக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: "சட்டகத்துக்கு வெளியே இருப்பதுதான்..." (கட்டுரை வாடை. எனக்கே கொட்டாவி வந்தது.)

சரி, நேராகவே போகிறேன்.

2

சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊர். செல்லியம்மாளுக்கு மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் தனுஷாவுக்குத் தை மாதம் கல்யாணமாகி, புருஷனோடு ஒரகடம் போய்விட்டாள். அங்கிருந்து கல்யாண வீடியோவை பென் டிரைவில் கொடுத்தனுப்பினாள். செல்லியம்மாள் தெருவையே கூட்டி உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினாள். தாலி கட்டும்போது எல்லோரும் இருந்தார்கள். தாரை வார்த்த செல்லியம்மாளின் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். பெற்றவள் மட்டும் இல்லை.

சம்பந்தி வீட்டார் சொல்லி, மகளும் தலையாட்டி, தன்னை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அன்றிலிருந்து போன் அடித்தாலே எடுப்பதில்லை. மகளைத் தவிர அவளைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? இப்படியே மூன்று மாதம்.*

* பெற்ற தாய் மூன்று மாதம் அப்படி இருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். பகலவனிடமே கேட்டேன். "கோவம் இல்லீங்க சார், அவமானம். அது ஜாஸ்தி நாளு நிக்கும்" என்றான். எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வராது. பொறாமையாக இருந்தது.

4

(மூன்றைத் தூக்கிவிட்டேன். அதில் மருமகனைக் கெட்டவனாக்கியிருந்தேன். பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை.)

செல்லியம்மாள் வீட்டில் காற்றில் திரும்பிவிட்ட டிஷ்ஷைச் சரிசெய்யப் போன பகலவன், படத்தைப் பார்த்ததும் கேட்டிருக்கிறான்.

"இன்னாம்மா இது, கீழ ஓட்ற நியூஸ் பாதிதான் தெரியுது? நாலு ஓரமும் வெட்டிக்கினு கெடக்குது."

"அத்த யாரு தம்பி படிக்கறது? எனக்கு ஆளு தெரிஞ்சா போதும், வுடு."

அவன் விடவில்லை. டிவி ஜூமில் கிடந்தது, வாங்கிய நாள் முதல். மெனுவில் போய்ப் படத்தின் அளவை மாற்றினான். சரியாகிவிட்டதா என்று பார்க்க, டிவியில் செருகியபடியே இருந்த பென் டிரைவைப் போட்டான்.

தாலி கட்டும் இடம் வந்தது. வலது ஓரத்தில், தூணை ஒட்டி, செல்லியம்மாள் நின்றிருந்தாள்.

தாலி இழந்தவள் மேடையேறக் கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே ஓரம் போய் நின்றாள். முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். மேடையில் தனுஷா கழுத்தைத் திருப்பி, கையை அசைத்துக் கூப்பிடுகிறாள். மூன்று முறை. மகள் தன் மாமியாரைக் கூப்பிடுவதாகத்தான் செல்லியம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இந்த இடத்தை அழகாக எழுத எனக்கு இப்போது தெம்பில்லை.

5

முடிவு அ: அம்மாவும் மகளும் போனில் அழுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். சீரியல் மாதிரி இருந்தது.)

முடிவு ஆ: "இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா ஒனக்கு" என்று மகள்... (முடிக்க மனம் வரவில்லை.)

பகலவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செல்லியம்மாள் தன் போனை நீட்டினாள்.

"எம் பொண்ணுக்குப் போட்டுக் குடு தம்பி. எனக்குப் போடத் தெரியாது."

போட்டுக் கொடுத்தான். ரிங் போனது. கேட்டுக்கொண்டு நிற்பது முறையில்லை என்று வெளியே வந்து வண்டியை எடுத்தான். கிளம்பும்போது அவன் காதில் விழுந்தது. உள்ளே அவள், இன்னும் யாரும் எடுக்காத போனில், சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்:

"நீ கூப்ட்டத நான் பாக்கலடி."

மகள் எடுத்தாளா? தெரியாது. எடுக்கவைத்தால் பொய்யாகத் தெரிகிறது. எடுக்காமல் விட்டால் பாவமாக இருக்கிறது. என்னால் முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், தனுஷாவின் இடத்தில் நீங்கள் இருங்கள். மூன்று மாதம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்தவர் நீங்கள். இப்போது உங்கள் கையில் போன் அடிக்கிறது. திரையில் 'அம்மா' என்று வருகிறது.