நூறு ரூபாயாவது நிற்கட்டும்

எண்பத்திரண்டாம் வருஷக் கூத்துக் காலம் முடிந்தபோது, கூலியெல்லாம் கழித்ததுபோக, இருசப்பன் கூத்து வாத்தியார் பரசுராமனுக்குத் தரவேண்டி நின்றது முந்நூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. மழையில் வேங்கிக்கால் வீட்டுச் சுவர் சரிந்தபோது வாங்கியது, மனைவி கன்னியம்மாளின் பிரசவத்துக்கு வாங்கியது, அப்பப்போ கைச்செலவுக்கு என்று வாங்கியது, எல்லாம் சேர்ந்து அவ்வளவு.

இந்தக் கடனை நினைத்து அவன் ஒரு நாளும் தூக்கம் கெட்டவன் இல்லை. ஜமாவில், அதாவது வாத்தியாரின் கூத்துக் குழுவில், எல்லாருமே கடன்காரர்கள்தான். பங்குனியில் தொடங்கும் ஆட்டம் ஆடிவரைக்கும் ஓடும். ஆடிக் கடைசியில் வாத்தியார் கணக்கு நோட்டை விரிப்பார். ஆளுக்கு ஒரு பக்கம். எவன் பக்கத்தையும் முழுசாக அடைக்கமாட்டார். நூறோ ஐம்பதோ நிற்கவைத்துவிட்டு, வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுப்பார். அடுத்த வருஷமும் நீ என் ஆள் என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் சைபர் போட்டுவிட்டால் அவன் ஜமாவில் இல்லை. வாத்தியார் அதுவரைக்கும் இரண்டு பேருக்குத்தான் சைபர் போட்டிருந்தார். ஒருவன் செத்துப்போனான். இன்னொருவன் கிரீடத்தை அடகு வைத்துக் குடித்தவன்.

இருசப்பனுக்குத் துரியோதனன் வேஷம். மற்ற மாசங்களிலும், ஆட்டம் இல்லாத நாளிலும் திருவண்ணாமலைக் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குவான். முப்பத்தாறு வயசிலேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். மாசம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வந்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு மூட்டை ஏறும்போதெல்லாம் வரும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வருஷச் சித்திரையில் ஆதிலட்சுமி டீச்சர் மண்டிக்கே தேடி வந்தாள். டவுனில் நடுநிலைப் பள்ளியில் வேலை. அவன் ஆட்டத்தை மூன்று ஊரில் பார்த்திருக்கிறாள்.

"லீவுல பத்து நாளு பயிற்சி முகாம் வெச்சிருக்காங்க. நாப்பது ஆசிரியருங்க, அஞ்சு கலைஞருங்க. ஆட்டம் பாட்டம் வெச்சி எப்பிடிப் பாடம் நடத்தறதுன்னு நீங்க எங்களுக்குக் காட்டணும். வகுப்புல பசங்கள எப்பிடிக் கையாளறதுன்னு நாங்க உங்களுக்குக் காட்டுவோம்."

"நான் மூணாவதோட நின்னவன் டீச்சர். வாத்தியாருங்களுக்கு நான் இன்னா காட்டறது?"

"நாங்க நாப்பது பேரு வாயத் தொறந்தா நாலாவது நிமிசம் பசங்க தூங்குது. நீங்க விடிய விடிய ஊரையே முழிக்க வெக்கறீங்க. அதக் காட்டுங்க."

நாளுக்குப் பதினைந்து ரூபாய் என்றாள். அதோடு, ஒன்றியத்துக்கு ஒரு கலைஞரைப் பள்ளிக்கூடத்திலேயே மாசச் சம்பளத்தில் போடப்போவதாக ஒரு பேச்சு இருக்கிறது என்றும் சொன்னாள். பேச்சுதான், உறுதி இல்லை என்று அவள் சொல்லாமல் இல்லை. இருசப்பன் காதில் சம்பளம் மட்டும்தான் விழுந்தது.

ஆசிரியர்களுக்கு லீவு விடுகிற மாசம்தான் கூத்துக்காரனுக்கு நாலு காசு பார்க்கிற மாசம். முகாம் போட்டவர்களுக்கு அது தெரியாது. இருசப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வாத்தியார் முன்னால் நின்றான்.

"போய்ட்டு வா. பத்து நாளும் ஒன் வேஷத்த ராஜேந்திரன் பாத்துக்குவான்" என்றார் வாத்தியார். "ஆனா படுகளத்துக்கு நீ வந்துடணும். அது வேற."

அது வேறதான். தண்டராம்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. பதினெட்டாம் நாள் காலையில், மண்ணால் படுக்கவைத்த பெரிய துரியோதனன்மேல் பீமனும் துரியோதனனும் ஏறி இறங்கிச் சண்டை போடவேண்டும். ஊரே விரதம் இருந்து பார்க்கும். உச்சிப் பொழுதுக்குள் பீமன் தொடையில் அடித்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்தாகவேண்டும். முகாம் முடிந்த மறுநாள்தான் படுகளம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

முகாமில் முதல் இரண்டு நாள் ஒரே கூத்து. அடவு போடச் சொன்னால் ஆசிரியர்கள் பிரம்பு மாதிரி நின்றார்கள். அருணகிரி சார் என்று ஒரு கணக்கு ஆசிரியர், டீச்சருடைய பள்ளிக்கூடம்தான். கையைத் தூக்குவார், உடனே சட்டைப் பையைப் பிடித்துக்கொள்வார்.

"சார், பேனா வுழுந்துடும்னு பயந்துகினே ஆடறீங்க. அத எடுத்து அந்தாண்ட வெச்சிட்டு ஆடுங்க" என்றான் இருசப்பன். எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரி சார் சிரிக்கவில்லை.

"மொதல்ல நோக்கம் எழுதுங்க இருசப்பன். நோக்கம் இல்லாம பாடம் கெடையாது."

"பங்காளிக்குக் காணி நெலம்கூட குடுக்கக்கூடாது. அதான் துரியோதனன் நோக்கம். போதுமா சார்?"

அப்போது அவரும் சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் இருசப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. கூத்தில் எந்த வேஷமும் சும்மா வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். உள்ளே இருந்தபடியே பாட்டு. யார் நீ, எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று கட்டியக்காரன் குடைந்து குடைந்து கேட்பான். பதில் சொல்லிச் சொல்லித்தான் வேஷம் வெளியே வரும்.

"ஆத்துக்கும் அதே மாதிரி தெர புடிச்சா இன்னா?" என்று கேட்டான்.

செய்யாறு திரைக்குப் பின்னால் நின்றது. ஆதிலட்சுமி டீச்சர்தான் ஆறு. ஜவ்வாது மலையில் பிறந்தேன் என்று பாடினாள். எங்கே போறே என்று இவன் கேட்டான். பாலாற்றைப் பார்க்கப் போகிறேன் என்றாள். வெறுங்கையோடவா போறே என்று மடக்கினான். வண்டல் இருக்கிறது, மணல் இருக்கிறது என்று ஆறு எண்ணி எண்ணிச் சொன்னது. நாற்பது பேரும் தரையைத் தட்டினார்கள். அன்றையிலிருந்து இரைப்பைக்குத் திரை பிடித்தார்கள், பின்னத்துக்குத் திரை பிடித்தார்கள். அவனும் ஒன்று கற்றுக்கொண்டான். கூத்தில் ஒரு வேஷம் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகலாம். வகுப்பில் நாற்பது நிமிஷத்துக்குள் வந்து, ஆடி, அடங்கிவிடவேண்டும். "மணி அடிச்சா துரியோதனனும் உக்காந்துடணும்" என்று சொல்லிச் சொல்லி அருணகிரி சார் கடிகாரத்தைக் காட்டுவார். பேச்சை எங்கே நறுக்குவது என்று இவனுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

பத்தாம் நாள் வேலூரிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பதாக இருந்தது. வரவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறார் என்று ஆள் வந்து சொன்னான்.

"நாளைக்கா? நாளைக்கு எனுக்குப் படுகளம் டீச்சர்."

ஆதிலட்சுமி டீச்சர் முகம் சுருங்கிப்போனது. "நீங்க கேள்வி கேக்கலைன்னா இந்தப் பாடமே நிக்காது இருசப்பன். அவரு கண்ணால பாத்தாத்தான் அந்த வேலை பத்தி நான் வாயே தொறக்க முடியும். ஒம்போது மணிதானே? ஒம்போதரைக்கு பஸ் ஏத்தி வுட்டுடறேன்."

ஒன்பதரைக்கு ஏறினால் பத்தரைக்குள் ஊர். படுகளம் என்றைக்குச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது? எப்படியும் பதினொன்று ஆகும். இருசப்பன் கணக்குப் போட்டான். ஊரில் போய் முகத்தில் அரிதாரம் பூச ஒரு மணி நேரம் வேண்டும், அதை இங்கேயே பூசிக்கொண்டுவிட்டால் அந்த நேரமும் மிச்சம். கண்டக்டர் ஒருவரிடம் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினான்: வேஷத்தோட வரேன், பயப்படவேணாம்.

காலையில் வேட்டியும் பனியனுமாக, முகம் மட்டும் துரியோதனனாக வந்து நின்றான். வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். ஒன்பது ஆனது. பத்து ஆனது. பதினொன்று அடித்தபோது அவன் வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டிருந்தான். "இதோ வந்துடுவாரு, இதோ வந்துடுவாரு" என்று டீச்சர் பின்னாலேயே நடந்தாள். போய்விடலாம் என்று இரண்டு தரம் தெருமுனைவரைக்கும் போனான். இரண்டு தரமும் திரும்பி வந்தது அவன்தான், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஜீப் வந்தபோது மணி பன்னிரண்டே கால். பாடம் நன்றாக நடந்தது. அவன் ஆடியதிலேயே நன்றாக ஆடியது அதுதான் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "பேஷ். இவரு பேர எழுதிக்குங்க" என்றார். பேரை எழுதிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அவனைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது. "இன்னாப்பா, பாண்டவருங்களத் தேடிகினு போறியா?" என்று ஒருவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. வேர்வையில் அரிதாரம் கழுத்துவரைக்கும் இறங்கியிருந்தது.

ஊரில் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். மண் துரியோதனனின் தொடை உடைந்து கிடந்தது. சனங்கள் அந்த மண்ணை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கோயில் நிழலில் வாத்தியார் மல்லாந்திருந்தார். முட்டியில் மஞ்சள் பற்று. கால் தொடைவரைக்கும் வீங்கியிருந்தது.

சகாதேவன்தான் சொன்னான். பீமன் வேஷம் போடுகிறவன். "ராஜேந்திரனுக்குப் படுகளம் பழக்கம் இல்ல. ஊரு காத்துகினே இருந்துச்சு. உச்சி சாயப்போவுதுன்னு கத்த ஆரம்பிச்சிட்டாங்க. பெரியவரே கிரீடத்த எடுத்து வெச்சிகினாரு. அறுவது வயசுல மண்ணுமேல ஏறினாரு. ரெண்டாஞ் சுத்துல சறுக்கிட்டாரு. நான் இன்னும் கதையே ஓங்கல இருசப்பா. பீமன் அடிக்கறதுக்கு முன்னாடியே துரியோதனன் வுழுந்துட்டான்."

அப்படி விழுந்தால் ஊருக்கு ஆகாது. மழை பொய்க்கும் என்றார்கள். பேசிய பணத்தில் முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் கண்ணைத் திறந்து, இருசப்பனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு ஊரில் ஆட்டம் இருந்தது. இருசப்பனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மண்டியில் மூட்டை தூக்கினான். "வேலை வந்துடும் கன்னியம்மா. பேர எழுதிகினு போயிருக்காங்க" என்று வீட்டில் சொல்வான். அவள் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, "எழுதிகினு போறவங்க நம்ம தெருவுலயும்தான் வருசா வருசம் வராங்க" என்பாள்.

ஆடியில் டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ஆறாம் வகுப்பில் சத்தம். எட்டிப் பார்த்தான். இரண்டு பெண் பிள்ளைகள் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்து அருணகிரி சார் கட்டைக் குரலில் பாடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் இடுப்பில் கை வைத்து, "யாரு நீ? எந்த ஊரு?" என்று அதட்டினாள். அவருடைய பேனா மேசைமேல் இருந்தது. இருசப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். அடுத்த கேள்வி அவன் உதட்டில் வந்து நின்றது. அந்தப் பெண்ணே அதைக் கேட்டுவிட்டாள்.

டீச்சர் பத்து நாள் பணம் நூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தாள். பதினோராம் நாளுக்குக் கணக்கில் இடம் இல்லையாம். ஒரு கடிதத்தையும் வைத்திருந்தாள், கொடுக்கவில்லை.

"அந்த வேலைக்கு எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும்னு போட்டிருக்காங்க. அதுக்குக் கம்மியா இருந்தா எடுக்க மாட்டாங்களாம்."

"ம்."

"அன்னிக்கி நான் உங்கள நிறுத்தி வெச்சிருக்கக் கூடாது." டீச்சர் கண் கலங்கிவிட்டது.

"நானாத்தான் நின்னேன் டீச்சர்" என்றான். பிறகு, அவள் மேலும் அழுதுவிடுவாளோ என்று, "சாரு நல்லாவே ஆடறாரு" என்றான்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டு வாசலில் ஜமா கூடியிருந்தது. வாத்தியார் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முட்டி மடங்குவதில்லை. பக்கத்தில் ஊன்றுகோல், தட்டில் வெற்றிலை பாக்கு. இருசப்பன் பேர் வந்ததும் அவன் எதிரில் உட்கார்ந்து நூற்றைம்பது ரூபாயை நோட்டின்மேல் வைத்தான்.

வாத்தியார் பணத்தை எடுத்து அவன் மடியிலேயே வைத்தார். "முந்நூத்தி முப்பத்தேழரை. தள்ளிட்டேன். புள்ளைக்குத் துணி எடு."

இருசப்பனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அவர் பேனாவின்மேல் கையை வைத்துவிட்டான்.

"வேணாம் வாத்தியாரே. நூறு ரூவாயாவது நிக்கட்டும்."

"கைய எடு."

"அம்பது. அஞ்சு ரூவா நிக்கட்டும் வாத்தியாரே. வேஷம் வேணாம், தெர புடிக்கறேன். மூட்ட தூக்கறேன்."

"எனுக்குக் கோவம் இல்லடா" என்றார் வாத்தியார். உண்மையாகவே அவர் குரலில் கோபம் இல்லை. "படுகளத்துக்கு வராத துரியோதனன்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் பேர் ஆயிடுச்சி. நீ இருக்கறேன்னா ஆட்டத்துக்கு வெத்தல வெக்க மாட்டேங்கறாங்க. பதினாலு குடும்பம். நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

இருசப்பன் பேனாவிலிருந்து கையை எடுத்தான். வாத்தியார் அவன் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அடியில் சைபர் போட்டார். மை காயும்வரை கொஞ்சம் ஊதினார். பிறகு தாளைத் திருப்பி, "சகாதேவன்" என்று கூப்பிட்டார்.

சகாதேவன் வந்து நின்றான். உட்கார இடம் வேண்டுமே என்று இருசப்பன் தரையில் கை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.